கப்கேக் மேல் கிரிக்கெட் பந்து: முதல் முறை ஃபாண்டன்ட் செய்பவருக்கு விரிவான பதில்

நவம்பர் கடைசியில் உங்கள் மகனுக்கு 8 வயது நிறைகிறது. கிரிக்கெட் பயிற்சிக்குப் போகிறான், கால்பந்தும் பிடிக்கும். வருகிற பிள்ளைகள் 24 பேர், அவர்களில் சிலர் முட்டை சாப்பிடாதவர்கள். சென்னை அடுக்ககத்தில் ஒரு ஓ.டி.ஜி. என்ற சிறிய மின் அடுப்பை வைத்துக்கொண்டு, விளையாட்டு அலங்காரம் கொண்ட ஃபாண்டன்ட் (கேக் மேல் விரிக்கிற சர்க்கரை மாவு) கப்கேக்குகளை முதல் முறையாக வீட்டிலேயே செய்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். கை நடுங்காமல் சப்பாத்தி தேய்க்கத் தெரிந்த எவருக்கும் முடியும். ஆனால் நீங்கள் கவலைப்படுவது அலங்காரத்தைப் பற்றி. நான் உங்களை முதலில் கவலைப்படச் சொல்வது சென்னையின் காற்றைப் பற்றியும், உங்கள் மகன் கையில் பிடிக்கிற பந்து எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியும்.

பந்திலிருந்தே தொடங்குகிறேன். விளையாட்டுக் கப்கேக் என்று இணையத்தில் தேடினால் வருகிற படங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளில் செய்தவை. பேஸ்பால், பேஸ்கெட்பால், டென்னிஸ், நீள்உருண்டை வடிவ அமெரிக்கக் கால்பந்து என்று 12 கேக்குக்கு 6 விளையாட்டு. அதைப் பார்த்து நம் ஊரில் செய்பவர்கள் கிரிக்கெட் பந்துக்கும் பேஸ்பாலின் தையலைப் போட்டுவிடுகிறார்கள். சிவப்பு வட்டத்தில் இரண்டு வளைந்த கோடுகள். கிரிக்கெட் பந்தில் அப்படி ஒரு வளைவு கிடையாது. அதன் தையல் பந்தின் நடுவில் நேராக ஒரே சுற்றுச் சுற்றி வரும். பெரியவர்கள் கவனிக்க மாட்டார்கள். தினமும் அந்தத் தையலில் விரலை வைத்துப் பந்து வீசப் பழகுகிற 8 வயதுப் பையன் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பான். அதனால் 6 விளையாட்டு வேண்டாம். அவன் ஆடுகிற விளையாட்டில் 3 வடிவங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைச் சரியாகச் செய்யுங்கள். ஒரே வடிவத்தை 9 முறை செய்யும்போது கையும் பழகிவிடும். நான்காவது பந்து முதல் பந்தைவிட அழகாக வந்திருக்கும்.

அவனையே ஒரு முறை கேட்டுவிடுங்கள். பயிற்சியில் சிவப்புத் தோல் பந்தா, மொட்டை மாடியில் டென்னிஸ் பந்தா, எதை அவன் தன் பந்து என்று நினைக்கிறான்? சிறு பிள்ளைகளுக்குப் பல இடங்களில் மென்பந்தில்தான் பயிற்சி தொடங்குகிறது. அப்படியென்றால் அந்த மஞ்சள் பந்தைச் செய்வதுதான் முறை. அது சிவப்புப் பந்தைவிட எளிதும்கூட. இந்தப் பதிலில் சிவப்புப் பந்து, ஸ்டம்பும் மட்டையும், கால்பந்து என்ற மூன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் 9 வீதம் 27. வருகிற பிள்ளைகள் 24 பேர் என்றாலும் கூடுதலாக 3 இருக்கட்டும். யாராவது தம்பி தங்கையோடு வருவார்கள், ஒன்றாவது கவிழும்.

இனி காற்று. ஃபாண்டன்ட் என்பது பெரும்பாலும் ஐசிங் சர்க்கரை. அதோடு குளுக்கோஸ் பாகு, கிளிசரின், கொஞ்சம் கொழுப்பு, இழுவைக்கு ஜெலட்டினோ தாவரப் பசையோ சேர்ந்த மாவு. சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கோடையின் வெப்பத்துக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என் கணிப்பில் கடற்கரை ஊருக்கு மே மாதத்தைவிட வடகிழக்குப் பருவமழை பெய்கிற அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கடினம். மே மாதத்தில் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தால் ஃபாண்டன்டில் செய்த உருவம் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் ஈரக் காற்று வீடு முழுக்க நிற்கும். ஸ்டம்பு நிமிராது, ஒட்டின இடம் வழுக்கும், சிவப்பு வெள்ளையில் இறங்கும். உங்கள் தேதி நவம்பர் கடைசி என்பதால் இதை மனத்தில் வைத்தே மற்ற எல்லாவற்றையும் சொல்கிறேன். படுக்கையறை ஏ.சி.யை 24 பாகையில் ஓடவிட்டு அந்த அறையையே வேலை அறையாக்கிக் கொள்ளுங்கள். ஏ.சி. அறையைக் குளிரவைப்பதோடு காற்றின் ஈரத்தையும் வடித்து வெளியே தள்ளுகிறது. நமக்கு அந்த இரண்டாவது வேலைதான் முக்கியம்.

முதல் முறைக்கு ஃபாண்டன்டைக் கடையில் வாங்குங்கள். மார்ஷ்மெல்லோவை உருக்கி ஐசிங் சர்க்கரை சேர்த்து வீட்டிலேயே பிசையலாம், சுவையும் நன்றாக இருக்கும். ஆனால் மழை நாளில் அதன் பதம் கைக்கு வராது. தவிர, மார்ஷ்மெல்லோவிலும் சில ஃபாண்டன்ட்களிலும் ஜெலட்டின் இருக்கும். உங்கள் விருந்தினரில் சைவப் பிள்ளைகள் இருப்பதால் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளை 1 கிலோ, சிவப்பு கால் கிலோ, கறுப்பு கால் கிலோ போதும். பச்சை, மஞ்சள், இளம்பழுப்பு எல்லாவற்றையும் வெள்ளையிலிருந்து நீங்களே கலந்துகொள்ளலாம். சிவப்பையும் கறுப்பையும் மட்டும் கலக்க முயலாதீர்கள். அந்த அடர்த்தி வர வேண்டுமானால் சாயத்தை அள்ளிப் போட வேண்டியிருக்கும். மாவு பிசுபிசுக்கும், நாக்கில் கசக்கும். கறுப்பு கிடைக்கவே இல்லையென்றால் கொஞ்சம் கோகோ தூள் சேர்த்துப் பழுப்பாக்கிவிட்டு அதில் கறுப்பு ஜெல் சேர்த்தால் குறைந்த சாயத்தில் வேலை முடியும். நிறம் ஒரு இரவு ஊறினால் இன்னும் கூடும் என்பதால், கலந்த உடனே போதவில்லை என்று மேலும் ஊற்றிவிடாதீர்கள்.

சாயம் ஜெல் வடிவில் இருக்க வேண்டும். தண்ணீர் போன்ற சாயம் ஃபாண்டன்டைக் கரைத்துவிடும். அதைவிட முக்கியமாக, பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கிற பொடிச் சாயத்தைத் தொடவே தொடாதீர்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது நினைவிருக்கும். துணிக்குப் போடுகிற ரோடமின் பி என்ற சாயம் அதில் கண்டுபிடிக்கப்பட்டதுதான் காரணம். இந்தியாவில் உணவில் அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் 8 மட்டுமே. டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோசின் போன்ற பெயர்கள் அதில் வரும். குப்பியின் மேல் எந்தச் சாயம் என்று அச்சடித்திருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பார்ப்பது பிள்ளைகளுக்குச் சமைப்பவரின் கடமை.

இன்னொரு பொருள் சி.எம்.சி. பொடி, டைலோஸ் என்ற பெயரிலும் விற்பார்கள். ஃபாண்டன்டை விறைப்பாகக் காயவைப்பது இதுதான். கால் கிலோ ஃபாண்டன்டுக்கு ஒரு தேக்கரண்டி சேர்த்துப் பிசைந்து, இறுக மூடி இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டு எடுத்தால் களிமண் போல வடிவம் நிற்கும். மழைக்காலத்துக்கு ஒன்றரைத் தேக்கரண்டி வரை போகலாம். மட்டைக்கும் ஸ்டம்புக்கும் பந்துக்கும் இது வேண்டும். கேக்கின் மேல் விரிக்கிற வட்டத்துக்கு வேண்டாம்; அது கடிக்க மென்மையாக இருக்க வேண்டும். இதே பொடியில் கால் தேக்கரண்டியை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் போட்டு ஒரு இரவு வைத்தால் தெளிவான பசை கிடைக்கும். பாகங்களை ஒட்ட வெறும் தண்ணீரைவிட இது நல்லது.

கேக்குக்கு வருகிறேன். முட்டையில்லாமல் தயிரும் சோடாவும் வைத்துச் செய்கிற வனிலா கேக் இதற்கு மிகப் பொருத்தம். எண்ணெயில் செய்வதால் வெண்ணெய் கேக் போலக் குளிரில் இறுகாது, மறுநாளும் மென்மையாக இருக்கும். புளிக்காத தயிர் 240 கிராம், சர்க்கரை 150 கிராம் இரண்டையும் கரையக் கலந்து, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். நுரைத்து எழும்பும். அதில் வாசனையில்லாத எண்ணெய் 120 மில்லி, ஒரு தேக்கரண்டி வனிலா, பிறகு சலித்த மைதா 190 கிராம் சேர்த்து, கட்டியில்லாமல் கலந்தவுடன் நிறுத்திவிடுங்கள். நிறையக் கலக்கினால் ரப்பராகும். 12 முதல் 14 கப்கேக் வரும். உங்களுக்கு இரண்டு பங்கு தேவை. ஆனால் ஒரே பாத்திரத்தில் இரட்டிப்பாகக் கலந்து வைக்காதீர்கள். முதல் தட்டு வேகிற இருபது நிமிடத்தில் மிச்ச மாவின் நுரை அடங்கிப்போகும். இரண்டு முறை தனித்தனியாகக் கலப்பதுதான் சரி.

வழக்கமான கப்கேக் குமிழாக எழும்பினால் அழகு. இந்த வேலைக்கு மேற்பரப்பு தட்டையாக இருக்க வேண்டும், அப்போதுதான் வட்டம் படியும். அதற்கு இரண்டு வழி: காகிதக் கிண்ணத்தில் பாதியைவிடச் சற்று மேலே மட்டும் மாவு ஊற்றுங்கள், அடுப்பை 180 பாகைக்குப் பதில் 170 பாகையில் வைத்து 20, 22 நிமிடம் நிதானமாக வேகவிடுங்கள். அப்படியும் எழும்பினால் ஆறிய பிறகு கத்தியால் சீவிவிடலாம். சீவிய துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், கீழே வேலை இருக்கிறது. கேக் முழுதாக ஆறாமல் மேலே எதையும் வைக்கக் கூடாது. சூட்டின் ஆவி அடியிலிருந்து ஃபாண்டன்டைக் கரைத்துவிடும்.

கேக்குக்கும் ஃபாண்டன்டுக்கும் நடுவே எதைத் தடவுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அடித்த கிரீம் கூடவே கூடாது; அதன் ஈரம் ஒரு மணி நேரத்தில் ஃபாண்டன்டைக் குழைத்துவிடும். பட்டர்கிரீம் குளிர் நாடுகளுக்கு நல்லது. நம் ஊர் அறை வெப்பத்தில் வெண்ணெய் இளகி, வட்டம் கேக்கின் மேல் மெதுவாகச் சறுக்கும். சாக்லேட் கனாஷ்தான் நமக்கு ஏற்றது. கறுப்புச் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு. 27 கேக்குக்கு 260 கிராம் சாக்லேட்டும் 130 கிராம் கிரீமும் தாராளம். கிரீமை விளிம்பில் குமிழ் வரும் வரை மட்டும் சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து நடுவிலிருந்து கலக்கினால் பளபளவென்று சேரும். மூடி அறையிலேயே ஒரு இரவு வைத்தால் தடவுகிற பதத்துக்கு வந்துவிடும். வெள்ளைச் சாக்லேட் வேண்டுமென்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கிரீம். ஒரு கேக்குக்கு மெல்லியதாக, விளிம்பிலிருந்து சிறிது உள்ளே அடங்குமாறு தடவுங்கள். பிள்ளைகள் பலர் ஃபாண்டன்டை உரித்து வைத்துவிட்டுக் கேக்கை மட்டும் சாப்பிடுவார்கள். அப்போது அவர்களுக்குக் கிடைக்கப்போவது இந்தச் சாக்லேட் தடவிய கேக்தான். அலங்காரத்துக்குச் செலவிடுகிற கவனத்தில் குறையாமல் இதற்கும் கொடுங்கள்.

வட்டம் வெட்ட அச்சு வாங்க வேண்டியதில்லை. வெந்த கேக்கின் மேற்பரப்பை அளந்து பாருங்கள், பெரும்பாலும் 6.5 செ.மீ. அளவில் இருக்கும். அதே வாயளவுள்ள டம்ளர் வீட்டில் நிச்சயம் இருக்கும். சப்பாத்திக் கட்டையையும் பலகையையும் மட்டும் பயன்படுத்தாதீர்கள். மரம் எண்ணெயையும் மசாலா வாசனையையும் உறிஞ்சி வைத்திருக்கும், ஃபாண்டன்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். வேறு வழியில்லையென்றால் கட்டைக்கும் மாவுக்கும் நடுவே கனமான பிளாஸ்டிக் தாள் போட்டுத் தேயுங்கள். கனம் 3 மி.மீ. இருக்கட்டும். அந்தக் கனத்தில் ஒரு வட்டம் சுமார் 14 கிராம். ஒட்டாமல் இருக்கச் சோளமாவைத் துணியில் கட்டி மெல்லத் தட்டிக்கொள்ளுங்கள்; அதிகமானால் மேலே வெடிப்பு விழும். வெடித்தால் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாசனையில்லாத எண்ணெய் தடவிப் பிசைந்தால் சரியாகும். கையில் இல்லாத மாவு எப்போதும் மூடிய டப்பாவுக்குள் இருக்க வேண்டும்.

நிறங்களை எடுக்கிற வரிசையும் உண்டு. வெள்ளை வேலை முழுவதையும் முதலில் முடியுங்கள், பிறகு மஞ்சள், பச்சை, சிவப்பு, கடைசியாகக் கறுப்பு. எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கிற கறுப்பு அடுத்த வெள்ளையில் தெரியும். வெளிர் நிறப் பருத்தி உடை உடுத்திக்கொள்ளுங்கள். கறுப்புத் துணியின் நூல் துணுக்கு வெள்ளை ஃபாண்டன்டில் விழுந்தால் எடுக்கவே முடியாது.

இப்போது கிரிக்கெட் பந்து. முழு உருண்டை செய்யத் தோன்றும், வேண்டாம். 3 செ.மீ. உருண்டை 20 கிராம் சர்க்கரை, உருண்டும் விழும். அரை உருண்டை போதும். இன்னும் நல்ல வழி, சீவி வைத்த கேக் துண்டுகளை உதிர்த்து, மிச்சக் கனாஷோடு பிசைந்து சிறு அரை உருண்டைகளாக்கிக் குளிரவைத்து, அதன் மேல் 2 மி.மீ. கனத்தில் சிவப்பு ஃபாண்டன்டைப் போர்த்துவது. பிள்ளைகள் கடித்தால் உள்ளே சாக்லேட் கேக் இருக்கும். ஆனால் இப்படிச் செய்கிற பந்தை விருந்துக்கு முதல் நாள்தான் செய்ய முடியும். முழுக்க ஃபாண்டன்டிலேயே செய்கிற அரைப் பந்தை ஒரு வாரம் முன்பே செய்து வைக்கலாம். நேரம் எது உங்களுக்கு வசதியோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

தையலுக்கு வருவோம். உண்மையான பந்தில் 6 வரிசைத் தையல், பக்கத்துக்கு மூன்று. 3 செ.மீ. பந்தில் ஆறையும் காட்ட முயன்றால் கலங்கிவிடும். நடுவில் கத்தியின் முதுகால் ஒரு நேர்க்கோடு அழுத்துங்கள். அதன் இரு பக்கமும் மெல்லிய வெள்ளை இழையை ஒட்டி, புதுச் சீப்பின் பற்களால் குறுக்கே அழுத்தித் தையல் குறி விழச் செய்யுங்கள். பக்கத்துக்கு ஒரு வரிசையே கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இழைக்குத் தனிக் கருவி தேடி அலைய வேண்டாம். நம் வீட்டு முறுக்கு உழக்கில் ஓமப்பொடித் தட்டைப் போட்டு, எண்ணெய் சேர்த்து இளக்கிய ஃபாண்டன்டைப் பிழிந்தால் ஒரே கனத்தில் நூல் நூலாக வரும். இதற்கென்று நன்றாகக் கழுவிக் காயவைத்த உழக்காக இருக்கட்டும். பந்தைப் பச்சை வட்டத்தின் மேல் வைக்கிறீர்கள். வட்டத்தை வெட்டிய உடனே புதுப் பல்துலக்கியால் குத்திவிட்டால் புல்லின் சொரசொரப்பு கிடைக்கும்.

டென்னிஸ் பந்தாக இருந்தால் பளிச்சென்ற இளமஞ்சளில் செய்து, அதே பல்துலக்கியால் மேற்பரப்பைக் குத்தி, முதுகோடு முதுகு பார்க்கிற இரண்டு வெள்ளை வளைவுகளை ஒட்டுங்கள். இங்கே வளைவு சரி.

ஸ்டம்பும் மட்டையும் அளவில்தான் அழகு. ஸ்டம்பின் உயரம் 28 அங்குலம், மூன்றும் சேர்ந்த அகலம் 9 அங்குலம். அதாவது உயரம் அகலத்தைப் போல மூன்று மடங்கு. கேக்கின் மேல் படுக்கையாக வைப்பதென்றால் 4.5 செ.மீ. உயரம், 1.5 செ.மீ. அகலம். மூன்று குச்சிகளையும் தள்ளித் தள்ளி வைத்து வேலி போலாக்கிவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. ஸ்டம்புகளின் தலையில் கிடத்துகிற சிறு கட்டையான பெயில் இரண்டு, ஒன்றல்ல. மட்டை ஸ்டம்பைவிட நீளம், விதிப்படி 38 அங்குலம் வரை இருக்கலாம். அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேல் போகாது. அந்த விகிதத்தை அப்படியே சுருக்கினால் கேக்கில் தீக்குச்சி போலத் தெரியும். எனவே இங்கே மட்டும் சலுகை எடுத்துக்கொண்டு 5 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம் வைக்கலாம். மூன்றில் ஒரு பங்கு கைப்பிடி. மட்டைக்குச் சாயம் வேண்டாம். வெள்ளையில் ஒரு சிட்டிகை கோகோ தூள் பிசைந்தால் வில்லோ மரத்தின் நிறம் வந்துவிடும். கைப்பிடியில் அவனுடைய மட்டையின் உறை என்ன நிறமோ அந்த நிற இழையைச் சுற்றுங்கள். பச்சை வட்டத்தின் நடுவே 2 செ.மீ. அகலத்தில் இளம்பழுப்புப் பட்டை ஒன்றை ஆடுகளமாக ஒட்டி, அதில் ஒரு வெள்ளைக் கோடும் போட்டால் மைதானம் தயார். ஸ்டம்பை நிமிர்த்தி நட ஆசைப்பட்டால் பல்குத்தும் குச்சியைச் செருகாதீர்கள். சமைக்காத ஸ்பெகட்டியோ, மெல்லிய பிஸ்கட் குச்சியோ போதும். கடிக்கிற அவசரத்தில் எந்தப் பிள்ளையும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. வெள்ளி நிறச் சர்க்கரை மணிகளும் இதே காரணத்துக்காக வேண்டாம், சிறு குழந்தைகளின் தொண்டையில் சிக்கும்.

கால்பந்துதான் மூன்றிலும் கணக்கு கேட்பது. கறுப்பு வெள்ளைக் கால்பந்து என்று நாம் மனத்தில் வைத்திருப்பது 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் ஆடிய டெல்ஸ்டார் பந்து. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் தெளிவாகத் தெரிவதற்காக அந்த நிறம். அதில் 12 கறுப்பு ஐங்கோணங்கள், 20 வெள்ளை அறுகோணங்கள். ஒரு கறுப்பு இன்னொரு கறுப்பைத் தொடவே தொடாது. இந்த ஒரு விதி பிசகினால் பந்து பந்தாகத் தெரியாது, புள்ளி போட்ட வட்டமாகிவிடும்.

6.5 செ.மீ. வெள்ளை வட்டத்தில் இதைச் சுலபமாகச் செய்ய ஒரு முறை இருக்கிறது. அட்டையில் 1.3 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, பாகைமானியால் 72 பாகைக்கு ஒரு புள்ளியாக ஐந்து புள்ளிகள் வைத்துச் சேருங்கள். ஒழுங்கான ஐங்கோணம் கிடைக்கும், அதுவே உங்கள் அச்சு. கறுப்பு ஃபாண்டன்டை 1 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து ஐங்கோணங்கள் வெட்டுங்கள். ஒன்றை வெள்ளை வட்டத்தின் நடுவில் ஒட்டுங்கள். அதன் ஐந்து மூலைகளிலிருந்தும் வெளிநோக்கி 1.2 செ.மீ. நீளத்துக்குக் கத்தி முதுகால் கோடு அழுத்துங்கள். ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் இன்னொரு கறுப்பு ஐங்கோணத்தின் மூலையைத் தொட வைத்து, வட்டத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டுகிற பகுதியை வெட்டிவிடுங்கள். அவ்வளவுதான். நடுக் கறுப்பைச் சுற்றி ஐந்து வெள்ளை அறுகோணங்கள் தாமாகவே தெரியத் தொடங்கும். வெள்ளை வட்டமும் கறுப்புத் துண்டுகளும் தனித்தனியே அரை மணி நேரம் காய்ந்த பிறகு, பசையைத் தூரிகை நுனியில் தொட்டு ஒட்டுங்கள். ஈரம் கூடினால் கறுப்பு கசிந்து வெள்ளையில் இறங்கிவிடும். இப்போதைய உலகக் கோப்பைப் பந்துகளுக்கு இந்த அமைப்பு இல்லை. 2014 பிரேசில் பந்து 6 துண்டுகளால் ஆனது. உங்கள் மகன் அந்த அளவுக்கு விவரம் தெரிந்தவன் என்றால் அவனிடமே படம் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

பிறந்தநாள் பிள்ளைக்கு மட்டும் ஒரு கேக் வேறாக இருக்கலாம். சட்டை வடிவத்தில் வெட்டிய ஃபாண்டன்டில் அவன் பெயரும் எண்ணும். 8 வயது என்பதால் 8 போடலாம், அவனுக்குப் பிடித்தது தோனியின் 7 என்றால் மஞ்சள் சட்டையில் 7 போடலாம். அணிச் சின்னங்களை ஃபாண்டன்டில் வரைய முயல வேண்டாம், அவ்வளவு சிறிய இடத்தில் சிங்கமும் புலியும் உருக்குலையும். இப்படி ஒன்று செய்தால் அதை முன்கூட்டியே அவன் தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். பொதுத் தட்டில் வைத்தால் 24 பிள்ளைகளுக்கும் அதுதான் வேண்டும்.

வேலையைப் பிரித்துக்கொள்வது இப்படி. விருந்துக்கு ஒரு வாரம் முன்பு ஃபாண்டன்டுக்கு நிறம் கலந்து, சி.எம்.சி. சேர்த்து, மட்டை, ஸ்டம்பு, எண் எல்லாவற்றையும் செய்து சோளமாவு தூவிய தட்டில் பரப்பிவிடுங்கள். பள்ளமான முட்டை அட்டைக்குப் பதில் சமதளமான தெர்மகோல் பலகை நல்லது, அடியிலிருந்தும் காயும். ஒரு நாளுக்குப் பிறகு திருப்பிப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதலாகச் செய்யுங்கள், மட்டையின் கழுத்து உடைவது சாதாரணம். காய்ந்த பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்காமல் காகித அட்டைப் பெட்டியில் வைத்து மின்விசிறி ஓடுகிற அறையில் வையுங்கள். முதல் நாள் காலை கேக், மாலையில் கனாஷ் தடவல். கனாஷை அதற்கும் முந்தைய இரவே செய்து வைத்திருக்க வேண்டும். வட்டங்களை முதல் நாள் இரவு வெட்டிக் கனாஷ் மேல் வைத்து, உள்ளங்கையால் மெல்லத் தடவிப் படியவிடுங்கள். பந்தும் மட்டையும் ஏறுவது விருந்து நாள் காலையில்.

குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். இந்தக் கேக்கும் கனாஷும் ஏ.சி. அறையில் மறுநாள் வரை நன்றாகவே இருக்கும். குளிர்ந்த ஃபாண்டன்டை வெளியே எடுத்த உடனே காற்றின் ஈரம் அதன் மேல் துளித்துளியாகப் படியும். மழை நாளில் பத்து நிமிடத்தில் பந்து வழியத் தொடங்கிவிடும். மின்வெட்டு, ஏ.சி. இல்லை, வைத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் மூடிய அட்டைப் பெட்டியில் போட்டு, அதைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி வையுங்கள். எடுத்த பிறகு பெட்டியைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும் வரை காத்திருங்கள். அப்போது ஈரம் பெட்டியின் மேல் படியும், கேக்கின் மேல் படியாது.

சர்க்கரையைப் பற்றியும் ஒரு பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். வட்டம் 14 கிராம், அதன் மேல் முழு ஃபாண்டன்டில் செய்த அரைப் பந்து 10 கிராம். இரண்டும் ஏறக்குறைய முழுதும் சர்க்கரை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. அதனால்தான் மெல்லிய வட்டம், உள்ளே கேக் வைத்த பந்து என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உரித்து வைக்கிற பிள்ளையைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

இவ்வளவு செய்தும் விருந்து நாள் காலையில் பந்தின் மேல் பளபளப்பான ஈரம் தெரிந்தால் பதற வேண்டாம். விரலால் தொடாதீர்கள், துணியால் ஒற்றாதீர்கள். தொட்ட இடமெல்லாம் தடம் விழும். ஹேர் டிரையரின் சூடும் வேண்டாம், கனாஷ் இளகும். ஏ.சி. அறையில் மேசை மின்விசிறியை ஓரடி தள்ளி வைத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், ஈரம் வற்றிவிடும். வற்றிய பிறகும் கொஞ்சம் மினுமினுப்பு மிஞ்சினால் விட்டுவிடுங்கள், புதுத் தோல் பந்தும் மினுமினுக்கும். மிச்ச ஃபாண்டன்டைப் பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி டப்பாவில் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். பொட்டலத்தில் போட்டிருக்கிற தேதி வரை கெடாது.